ராணுவ பட்ஜெட்: வாங்கும் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம், ஓட்டும் பணத்தைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

நெடுஞ்சாலை:
ஒவ்வொரு பட்ஜெட் நாளிலும் இத்தனை போர் விமானம், இத்தனை நீர்மூழ்கி, இத்தனை பீரங்கி என்றுதான் தலைப்புச் செய்தி வருகிறது. வாங்கியதை ஓட்டவும், பழுது பார்க்கவும், அதை வைத்துப் பயிற்சி செய்யவும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எரிபொருள், உதிரிபாகம், பயிற்சிக்கான குண்டுகள், கப்பலை உலர்துறையில் ஏற்றிச் செய்யும் பெரிய பராமரிப்பு, ஓடுதளத்தைச் செப்பனிடுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

தொகை சின்னதல்ல. அமெரிக்க ராணுவத் துறை 2024 நிதியாண்டுக்குக் கேட்டது 842 பில்லியன் டாலர். அதில் இயக்கம், பராமரிப்பு என்ற தலைப்புக்கு மட்டும் சுமார் 330 பில்லியன். புதிய ஆயுதக் கொள்முதலுக்குக் கேட்டதோ சுமார் 170 பில்லியன்தான். இந்தியாவின் 2024-25 பாதுகாப்பு ஒதுக்கீடு 6.21 லட்சம் கோடி ரூபாய். அதில் மூலதனச் செலவு, அதாவது புதிதாக வாங்கும் பணம், 27.66 சதவீதம், சம்பளமும் படிகளும் 30.66, ஓய்வூதியம் 22.70. படையை அன்றாடம் தயாராக வைத்திருப்பதற்கு 14.82 சதவீதம், அதாவது சுமார் 92,000 கோடி ரூபாய்.

எந்த அரசாக இருந்தாலும் நெருக்கடி வந்தால் முதலில் கை வைப்பது இந்தப் பணத்தில்தான் என்பது என் எண்ணம். இன்று வெட்டினால் இன்று எதுவும் நின்றுவிடாது. பாதிப்பு வெளியே தெரிய நாலைந்து வருடம் ஆகும், அதற்குள் வெட்டியவர் வேறு பதவிக்குப் போயிருப்பார். இதை எப்படிப் பாதுகாப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய கணக்கர்:
நல்ல கேள்வி. ஆனால் அந்த இரண்டு நாட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அமெரிக்காவில் ராணுவத் துறையின் சிவிலியன் ஊழியர்களில் பெரும்பாலானோரின் சம்பளம் இயக்கம், பராமரிப்புத் தலைப்பிலிருந்துதான் போகிறது. தலைமையக நிர்வாகம், தளங்களின் மின்சாரம், தண்ணீர் எல்லாம் அதற்குள்ளேயே வரும். இந்தியக் கணக்கில் சம்பளத்தைத் தனியாகப் பிரித்துவிட்டுத்தான் அந்த 14.82 சதவீதத்தைச் சொல்கிறார்கள்.

முதலில் கை வைப்பது இதில்தான் என்றீர்கள். பாதுகாப்புக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. நடு ஆண்டில் இத்தனை சதவீதம் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் மேசையில் இருப்பது என்ன? சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஓய்வூதியம் சட்டப்படி கொடுத்தாக வேண்டும். மூலதனத்தில் பெரும் பகுதி ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணை, கட்டாவிட்டால் அபராதம். மிச்சம் இருப்பது உதிரிபாகம், பயிற்சி, கட்டட மராமத்து, போக்குவரத்து. அங்கே ஒரு கொள்முதல் கோப்பை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளி வைத்தால் இலக்கு சரியாகிவிடும். யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

இன்னொன்று, பணத்தின் ஆயுள். அமெரிக்காவில் கப்பல் கட்டும் பணத்தை ஐந்து வருடத்துக்குள் ஒப்பந்தமாக்கினால் போதும். மற்ற கொள்முதலுக்கு மூன்று வருடம், ஆராய்ச்சிக்கு இரண்டு. இயக்கம், பராமரிப்புக்கு ஒரே வருடம். அவர்களுடைய நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. பட்ஜெட் நேரத்துக்கு நிறைவேறாததால், முந்தைய வருடத்து அளவிலேயே தற்காலிக அனுமதியில் ஓட்டினால் (இது அங்கே கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது) அந்த ஒரு வருடத்தில் நாலைந்து மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு மீதி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவழிக்க வேண்டும்.

வரிகட்டி:
மற்றொரு பக்கத்தையும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். இவ்வளவு பெரிய தலைப்பு, இவ்வளவு விதமான செலவு, அதனால் எதை வேண்டுமானாலும் உள்ளே போட்டு மூடலாம். அமெரிக்க ராணுவத் துறை 2018-ல்தான் முதல் முறையாக முழுத் தணிக்கைக்கு உட்பட்டது. அன்று முதல் ஒரு முறை கூடத் தேறவில்லை. கிடங்கில் என்ன உதிரிபாகம் இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்றே உறுதியாகச் சொல்ல முடியாத அமைப்பு, உதிரிபாகத்துக்குப் பணம் போதவில்லை என்று சொன்னால் எப்படி நம்புவது?

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்காகத் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். சட்டம் போட்ட செலவு வரம்புக்குள் அது வராது. விளைவாக, வழக்கமான பராமரிப்புச் செலவுகளையே அந்தக் கணக்கில் எழுதத் தொடங்கினார்கள். 2022 நிதியாண்டில்தான் அது முடிவுக்கு வந்தது. தயார்நிலை என்று சொன்னாலே பை திறக்கும் என்ற நிலை இருந்தால் வரி கட்டுபவன் கேள்வி கேட்கத்தான் செய்வான்.

ஹேங்கர்:
வரிகட்டி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் போதாமல் போனால் கீழே என்ன நடக்கிறது என்பதை விமானப் பராமரிப்பில் இருந்தவன் சொல்ல வேண்டும்.

ஒரு விமானத்துக்கு ஒரு பம்ப் வேண்டும், ஸ்டோரில் இல்லை. ஆர்டர் போட்டால் வர ஒரு வருடம் கூட ஆகும், ஏனென்றால் அந்த பம்பைச் செய்யும் கம்பெனி நாம் கேட்ட பிறகுதான் உற்பத்தியைத் தொடங்கும். நாளைக்கு விமானம் பறக்க வேண்டும். அதனால் பெரிய சோதனைக்காக நிற்கும் இன்னொரு விமானத்திலிருந்து பம்பைக் கழற்றி இதில் மாட்டுவோம். அப்போது ஒரே வேலையை இரண்டு மடங்காகச் செய்கிறோம்: அங்கே கழற்றுவது, இங்கே மாட்டுவது, புதியது வந்ததும் அங்கே மறுபடி மாட்டுவது, இரண்டு பக்கமும் சோதிப்பது. கழற்றும்போது பக்கத்தில் இருக்கும் குழாயோ வயரோ சேதமானால் இன்னொரு பாகத்துக்கும் ஆர்டர். நிற்கும் விமானம் மெல்ல மெல்ல வெறும் கூடாகிவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் அதை எழுப்புவதே தனிப் பெரும் வேலை. இத்தனைக்கும் கணக்கேட்டில் விமானங்களின் எண்ணிக்கை குறையவே குறையாது.

கப்பல்களிலும் இதே கதை உண்டு. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017-ல் கடற்படையில் இப்படிப் பாகம் கழற்றி மாட்டுவதை ஆராய்ந்தது. ஐந்து வருடத்தில் அது 49 சதவீதம் கூடியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் கப்பல் பராமரிப்பு பட்ஜெட்டிலிருந்து நடு ஆண்டில் குறைந்தது 92 மில்லியன் பவுண்டு எடுக்கப்பட்டது என்றும், அது இந்தப் பழக்கத்தைக் கூட்டியிருக்கலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. உதிரிபாகத்தில் மிச்சம் பிடித்த பணம் ஆள் உழைப்பிலும் தாமதத்திலும் திரும்ப வந்து நின்றது.

எஃப்-35 என்ற அமெரிக்கப் போர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகத்தின் 2023 அறிக்கைப்படி அந்த வருடம் மார்ச்சில் பணிக்குத் தயாராக இருந்தவை சுமார் 55 சதவீதம். பழுது பார்க்கும் இடங்களில் 10,000-க்கும் மேற்பட்ட பாகங்கள் வரிசையில் காத்திருந்தன. விமானத்தை வேகமாக வாங்கிவிட்டு, அதைப் பழுது பார்க்கும் பட்டறைகளைப் பின்னால் தள்ளியதன் விளைவு இது. ஓட்டும் செலவைப் பற்றி அவர்களே போட்ட மதிப்பீடு 2018-ல் 1.1 டிரில்லியன் டாலர், 2023-ல் 1.58 டிரில்லியன்.

வெண்பா:
ஹேங்கர் அண்ணா, இதைப் படித்ததும் எனக்கு 2013 ஞாபகம் வந்தது. அப்போது அமெரிக்காவில் நடந்ததை நான் கல்லூரிப் பாடத்துக்காக விரிவாகப் படித்தேன்.

2011-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: கடன் குறைப்புக்கு இரண்டு கட்சிகளும் உடன்படாவிட்டால் பல தலைப்புகளில் தானாக வெட்டு விழும். யாரும் அதை நடக்க விட மாட்டார்கள் என்று நம்பித்தான் அவ்வளவு கடுமையாக எழுதினார்கள். 2013 மார்ச் 1-ல் அது நடந்தே விட்டது. ராணுவத் துறைக்குச் சுமார் 37 பில்லியன் டாலர் வெட்டு. நிதியாண்டில் ஐந்து மாதம் கழிந்த பிறகு! சிப்பாய்களின் சம்பளத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆப்கானிஸ்தானில் இருக்கும் படைக்கான செலவைத் தொட விரும்பவில்லை. அப்படியானால் பெரும் சுமை எங்கே இறங்கும்? உள்நாட்டில் இருக்கும் படைகளின் பயிற்சியிலும் பராமரிப்பிலும்தான்.

ஏப்ரலில் விமானப்படை தன் போர் ஸ்குவாட்ரன்களில் (விமானப் பிரிவுகளில்) சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தரையில் நிறுத்தியது. ஹாரி ட்ரூமன் விமானந்தாங்கிக் கப்பல் பாரசீக வளைகுடாவுக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் பயணம் தள்ளிப்போனது. தரைப்படை தன் பெரிய பயிற்சி மையங்களில் நடக்க வேண்டிய பயிற்சிகளில் பலவற்றை ரத்து செய்தது. சிவிலியன் ஊழியர்களை ஆறு நாள் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள்.

ஜூலையில் பணம் கிடைத்து மறுபடி பறந்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் பறக்காத விமானிக்குத் தகுதி போய்விடும். அவரை மறுபடி தேற்றிக் கொண்டுவரப் பயிற்றுநர் வேண்டும், விமானம் வேண்டும், நாள் வேண்டும். அந்த நேரத்தில் புதியவர்களின் பயிற்சி பின்னால் போகும். ஒரு வருடம் வராத பணத்தை அடுத்த வருடம் இரட்டிப்பாகக் கொடுத்தாலும், போன பயிற்சி நேரத்தை வாங்க முடியாது. பீரங்கியை ஒரு வருடம் தாமதமாக வாங்கலாம், அது அதே பீரங்கியாகத்தான் வரும். பயிற்சி அப்படி இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது, ஏனென்றால் அந்த வெட்டைப் போட்டவர்களுக்கு இது முன்பே எழுத்தில் சொல்லப்பட்டிருந்தது.

நெடுஞ்சாலை:
அருமையான விளக்கம், வெண்பா. இது 2013-ல் புதிதாக வந்ததும் இல்லை. 1980-ல் அமெரிக்கத் தரைப்படைத் தளபதி எட்வர்ட் மேயர் நாடாளுமன்றக் குழு முன்பு தன் படை உள்ளுக்குள் வெறுமையாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். வியட்நாமுக்குப் பிறகு வந்த வருடங்களின் விளைவு அது.

கடல்காற்று:
பணம் மட்டுமே காரணம் என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. கடற்படையைப் பல வருடங்களாகக் கவனிப்பவள் நான். 2017 ஜூனில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஜப்பான் அருகே சரக்குக் கப்பலோடு மோதி 7 பேர் இறந்தார்கள். ஆகஸ்டில் ஜான் மெக்கெய்ன் கப்பல் சிங்கப்பூர் அருகே மோதி 10 பேர். அதன் பிறகு வெளிவந்த விவரம்: ஜப்பானில் நிறுத்தியிருந்த போர்க்கப்பல்களின் பயிற்சிச் சான்றுகளில் 37 சதவீதம் அந்த ஜூனில் காலாவதியாகியிருந்தன. அந்தக் கப்பல்களுக்கென்று தனியாகப் பயிற்சிக் காலமே ஒதுக்கப்படவில்லை. எப்போதும் கடலில், எப்போதும் பணியில்.

அங்கே எரிபொருளுக்குப் பணம் இருந்தது. கப்பல்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. இல்லாதது நேரமும் ஆளும். அதற்கு முந்தைய பத்தாண்டில் செலவைக் குறைக்க மாலுமிகளின் எண்ணிக்கையைக் குறைத்திருந்தார்கள், மேலிருந்து கேட்கும் பணிகளையோ குறைக்கவில்லை. ஒரு அரசு படையிடம் எவ்வளவு வேலை கேட்கிறது என்பதையும் பட்ஜெட்டோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதே பணத்தில் இன்னும் இரண்டு ரோந்து என்று கேட்டால் அதுவும் ஒரு வெட்டுதான்.

பட்டறை வசதி இன்னொரு முட்டுக்கட்டை. பாய்ஸி என்ற அணுசக்தி நீர்மூழ்கி 2015-ல் பணி முடித்துத் திரும்பியது. பெரிய பராமரிப்புக்குத் தளத்தில் இடம் இல்லை. 2017-ல் அது நீருக்குள் மூழ்கும் தகுதியையே இழந்தது. பராமரிப்புக்கான பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 பிப்ரவரியில், சுமார் 1.2 பில்லியன் டாலருக்கு. அத்தனை வருடமும் அது கடற்படையின் பட்டியலில் ஒரு நீர்மூழ்கியாகத்தான் எண்ணப்பட்டது. ஜெர்மனியில் இன்னும் மோசம். 2017 இறுதியில் அவர்களுடைய ஆறு நீர்மூழ்கிகளில் ஒன்று கூடக் கடலுக்குப் போக முடியவில்லை. பனிப்போர் முடிந்ததும் உதிரிபாகக் கையிருப்பைச் சுருக்கி, தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்ததன் பலன்.

வரிகட்டி:
கடல்காற்று சொன்னதைத்தான் நானும் வேறு பக்கமிருந்து கேட்கிறேன். ஜெர்மனி 2022-ல் 100 பில்லியன் யூரோவுக்குத் தனி நிதி அறிவித்தது. உலகமே பாராட்டியது. எத்தனை வாகனம் கிளம்பும் நிலையில் இருக்கிறது என்பதைத் தொடர்ந்து ஒரே அளவுகோலில் மக்களுக்குச் சொல்லாமல், அந்த 100 பில்லியனால் எந்தக் குறை சரிசெய்யப்பட்டது என்று எப்படித் தெரியும்? எவ்வளவு செலவழித்தோம் என்பதைச் சொல்கிறார்கள். என்ன கிடைத்தது என்று கேட்டால் ரகசியம் என்கிறார்கள்.

பழைய கணக்கர்:
ரகசியம் ஒரு உண்மையான சிக்கல்தான், தட்டிக் கழிக்க முடியாது. எந்த ஸ்குவாட்ரனில் எத்தனை விமானம் நிற்கிறது என்பது எதிரிக்கும் வேண்டிய தகவல். ஆனால் தணிக்கை அறிக்கை வெளியே வந்ததால் நன்மை நடந்த இடமும் உண்டு.

இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015-ல் தரைப்படையின் வெடிமருந்துக் கையிருப்பைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 40 நாள் தீவிரப் போருக்கு இருக்க வேண்டும் என்பது அளவுகோல். 2013 மார்ச் நிலவரப்படி 170 வகைகளில் பாதி, 10 நாளுக்கும் குறைவாக இருந்தது. 2017-ல் மறு ஆய்வு: 152 வகைகளில் 61 வகை அப்போதும் 10 நாளுக்குக் கீழே. நாடாளுமன்றத்தில் பெரிய சர்ச்சை எழுந்தது. அதே வருடம் குறிப்பிட்ட வகை வெடிமருந்துகளையும் உதிரிபாகங்களையும் ராணுவத் துணைத் தளபதியே நேரடியாக வாங்க அதிகாரம் கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பற்றாக்குறைக்குக் காரணம் பணம் மட்டும் அல்ல. அரசுத் தொழிற்சாலைகள் கேட்ட அளவு கொடுக்கவில்லை, தரத்தில் குறை, இறக்குமதிக் கோப்புகள் வருடக்கணக்கில் நகரவில்லை. ஒதுக்கியதைச் செலவழிக்க முடியாமல் போனால் சரண்டர் செய்ய வேண்டும், அதாவது அரசிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். சரண்டர் செய்தால் போன வருடமே மிச்சமானதே என்று அடுத்த வருடம் குறைப்பார்கள்.

வெண்பா:
அப்படியானால் கொஞ்சம் பணத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போக அனுமதித்தால் என்ன, ஐயா? அமெரிக்காவில் பட்ஜெட் முறையைச் சீர்திருத்த நாடாளுமன்றம் அமைத்த குழு 2024 மார்ச்சில் இதைத்தான் பரிந்துரைத்தது: இயக்கச் செலவில் 5 சதவீதம் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். கடைசி இரண்டு மாதத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஒப்பந்தம் போடக்கூடாது என்று அங்கே ஏற்கெனவே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இந்தியாவிலும் கடைசிக் காலாண்டுக்கு 33 சதவீதம், மார்ச் மாதத்துக்கு 15 சதவீதம் என்று நிதி அமைச்சகத்தின் வரம்பு உண்டு. ஆனால் வரம்பு வைத்தால் மார்ச் அவசரம் பிப்ரவரிக்கு நகரும், அவ்வளவுதானே.

பழைய கணக்கர்:
5 சதவீதம் என்றால் நான் ஆதரிக்கிறேன். அதற்கு மேல் வேண்டாம். படைக்கு வருடா வருடம் பணம் கேட்க வைப்பது வெறும் கணக்கு விதி அல்ல, மக்கள் பிரதிநிதிகள் படையைத் தங்கள் கையில் வைத்திருக்கும் கயிறு. இங்கிலாந்தில் 1689 முதல் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அமைதிக் காலத்தில் நிலையான படை வைக்க முடியாது. அமெரிக்க அரசியல் சட்டம் தரைப்படைக்கான நிதியை இரண்டு வருடத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்று நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறது. கயிற்றைத் தளர்த்தலாம், அவிழ்த்துவிடக் கூடாது.

ஹேங்கர்:
ஒன்று சேர்க்கிறேன். உதிரிபாகத்தை எண்ணி வாங்காமல், மாதத்துக்கு இத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று கம்பெனியோடு ஒப்பந்தம் போடும் முறை இப்போது பல நாடுகளில் வந்துவிட்டது. நன்றாக எழுதினால் நல்ல பலன் கொடுக்கும். ஆனால் வரைபடமும் பழுது பார்க்கும் முறையும் கம்பெனி கையிலேயே இருந்தால் பத்து வருடம் கழித்து அவர்கள் சொன்னதுதான் விலை. எஃப்-35-இல் அமெரிக்கா சிக்கிக்கொண்டது இங்கேதான். தொழில்நுட்ப ஆவணங்களுக்கான உரிமையை விமானம் வாங்கும் அன்றே பேசி முடித்துவிட வேண்டும், பிறகு பேரம் பேசக் கையில் எதுவும் இருக்காது. அதே அமெரிக்காவில் பெரிய பராமரிப்பு நிதியில் பாதிக்கு மேல் தனியாருக்குப் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சொந்தப் பட்டறையும் கைத்திறனும் அழிந்துவிடாமல் இருக்க அது உதவுகிறது.

வரிகட்டி:
இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். வாங்கும் அனுமதி கேட்கும் கோப்பிலேயே முப்பது வருடம் ஓட்டும் செலவையும் எழுதி, நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். ஓட்டப் பணம் இல்லையென்றால் குறைவாக வாங்கட்டும்.

நெடுஞ்சாலை:
அதற்கு எந்தக் கட்சியிலாவது ஆதரவு கிடைக்குமா என்பது பெரிய கேள்வி. புதிய கப்பலைக் கடலில் இறக்க அமைச்சர் வருவார், நாடா வெட்டுவார். இஞ்சின் மாற்றியதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. அதனால் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். ஐயா, பட்ஜெட் ஆவணத்தில் சாதாரணமானவன் எங்கே பார்த்தால் இது தெரியும்?

பழைய கணக்கர்:
இந்தியாவைப் பொறுத்தவரை பாதுகாப்புச் சேவைகள் மதிப்பீட்டு ஆவணத்தில் வருவாய்ச் செலவு (அன்றாடச் செலவு) பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு படைக்கும் சம்பளம், போக்குவரத்து, ஸ்டோர்ஸ் (உதிரிபாகம், எரிபொருள் போன்ற பொருள்கள்), பணிகள் (கட்டட வேலைகள்) என்று தனித்தனித் தலைப்பு இருக்கும். மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், சம்பள உயர்வே அதை மேலே தூக்கிக் காட்டிவிடும். ஸ்டோர்ஸ் தலைப்பை மட்டும் எடுத்து, பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றையும் பல வருடத்துக்கு வரிசையாக எழுதுங்கள். பிப்ரவரியில் அறிவித்தது அடுத்த பிப்ரவரியில் திருத்தப்படும்போது அந்த ஒரு தலைப்பு மட்டும் கீழே இறங்கியிருந்தால், எங்கே வெட்டினார்கள் என்று தெரிந்துவிடும். கூடவே எரிபொருள் விலையையும் டாலர் மதிப்பையும் பார்க்க வேண்டும். தொகை ஏறியிருந்தாலும் வாங்கக் கூடிய அளவு குறைந்திருக்கலாம்.

வெண்பா:
பத்து வருடக் கணக்கை நான் அட்டவணையாக்குகிறேன். விமானப்படையும் தரைப்படையும் என் பொறுப்பு. கடல்காற்று அக்கா, கடற்படைத் தலைப்புகளை நீங்கள் பார்ப்பீர்களா?

கடல்காற்று:
பார்க்கிறேன் வெண்பா. கடற்படையில் பெரிய கப்பல் பராமரிப்பு சில வருடங்களில் ஸ்டோர்ஸில் இல்லாமல் வேறு தலைப்பில் வரும், அதைத் தனியாகக் குறித்து அனுப்புகிறேன். ஐயா ஒரு முறை சரிபார்த்த பிறகு இங்கே போடலாம்.